கந்தகத்தில் வார்த்த அளவு

கோதண்டம் நைனா துப்பாக்கியை யூரியா சாக்கில் சுற்றி, மேலே சணல் கட்டி, மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்து பார்க்க போர்வெல் மோட்டாரின் ஷாஃப்ட் மாதிரி இருந்தது. அன்று காலையிலேயே இரண்டு ஷாஃப்ட் வந்து என் காலடியில் கிடந்தன.

“அந்த மூலையில சாத்திட்டுப் போங்க நைனா. நாளைக்குத்தான் ஆவும்,” என்றேன். லேத்தை நிறுத்தவில்லை.

“இது சாத்திட்டுப் போற சாமான் இல்லடா தேவா. மொதல்ல ஷட்டரை எறக்கு.”

“இன்னாத்துக்கு நைனா? பொணமா?”

அவர் சணலை அவிழ்த்தார். முதலில் கருத்துப்போன கட்டை வெளியே வந்தது. அப்புறம் இரும்பு. டீ டம்ளரோடு உள்ளே நுழைந்த எங்கள் பட்டறை முதலாளி அந்தோணி மேஸ்திரி அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். டம்ளர் இருந்த கையாலேயே போட்டதால் சட்டை முழுக்க டீ.

“ஷட்டரை எறக்குனாதாண்டா சந்தேகப்படுவானுங்க,” என்றார் மேஸ்திரி. “தொறந்தே கெடக்கட்டும்.”

“லைசென்ஸ் கீது,” என்று நைனா பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். “லைசென்ஸ்தான் இப்ப பேஜாரே.”

(போன வாரம் இந்தத் தொடரில் மேஸ்திரியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். “டீ கொட்டினத மட்டும் எழுதாத,” என்று. எழுதிவிட்டேன்.)

துப்பாக்கிக்காரர் வூடு

நைனாவுக்கு அப்போது அறுபது வயதிருக்கும். மானாம்பதியில் ஒன்பது ஏக்கர், நெல்லும் வேர்க்கடலையும். ஊருக்குள் அவர் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யோசிப்பார்கள். துப்பாக்கிக்காரர் வூடு என்று கேட்டால் பஸ்ஸிலேயே கைகாட்டுவார்கள். அவருடைய தாத்தா வாங்கிய ரைஃபிள் அது. யாரிடம் வாங்கினார் என்பதற்கு அந்த வீட்டில் மூன்று கதைகள் இருந்தன. மூன்றிலும் ஒரு வெள்ளைக்காரனும் ஒரு செத்த குதிரையும் வருவார்கள்.

“இதால நீங்க இன்னா சுட்டிருக்கீங்க நைனா?”

“எதுக்கு சுடணும்? இருந்தா போதாதா?”

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்ததும் திரும்பத் தருவார்கள். இத்தனை காலமும் அந்தத் துப்பாக்கி செய்த ஒரே பிரயாணம் அதுதான். ஓட்டுப் போடாத குறை.

அந்த முறை திரும்பத் தரும்போது புதிதாக வந்திருந்த ஆயுதப் பிரிவு ஏட்டம்மா, சும்மா கையெழுத்துப் போடாமல், லைசென்ஸ் புத்தகத்தையும் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். அங்கேதான் ஆரம்பித்தது.

புத்தகத்தில் 423 என்று இருந்தது. நைனா சென்னைத் துப்பாக்கிக் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த 423 தோட்டாவைப் போட்டால் உள்ளே போகிறது. ஆனால் செம்புக்குள் போட்ட கொட்டைப்பாக்கு மாதிரி ஆடுகிறது. அப்படியே சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்துகொள்ளும். சரி, எண்ணில் சின்னதானாலும் கூட்டில் பெரியதான 404 போட்டுப் பார்த்தால் முக்கால்வாசியிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு சங்கதி. தாத்தா சுட்டுப் போட்ட காலித் தோட்டாக் கூடுகள் மூன்று ஒரு பவுடர் டப்பாவில் இருந்தன. அடியில் 404 என்றுதான் முத்திரை. ஆனால் உண்மையான 404-ஐவிட உயரம் குறைச்சல், கழுத்தை யாரோ வெட்டிச் சுருக்கின மாதிரி. நியாயமாக அது பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. உள்ளே போகிறது, ஒரு அரிசி அளவு பாக்கி இருக்கும்போது முட்டிக்கொள்கிறது, பின்பக்கத்தை அடைக்கிற போல்ட் மூட மாட்டேன் என்கிறது.

ஏட்டம்மா எழுதிவிட்டார்: எந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி என்று கண்டறிய முடியவில்லை. கண்டுபிடித்து, அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட்டுக் காட்டினால் புத்தகத்தில் திருத்தித் தருவார்கள். இரண்டு மாதத்துக்குள் காட்டாவிட்டால் துப்பாக்கி ஆயுதக் கிடங்குக்குப் போய்விடும். திரும்பி வராது.

“அது போச்சுன்னா எங்க வூட்டை இன்னான்னுடா சொல்வானுங்க?” என்றார் நைனா.

“மொபெட்காரர் வூடுன்னு சொல்வானுங்க,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேஸ்திரி என் முதுகில் ஒன்று வைத்தார்.

காட்டுப் பூனை

சென்னைக் கடைக்காரர் போனிலேயே பாதி கண்டுபிடித்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

“இது கம்பெனித் தோட்டா இல்லீங்க. யாரோ 404 கூட்டை வெட்டி, தன் இஷ்டத்துக்கு ஒரு சைஸ் பண்ணி, அதுக்குத் தகுந்த மாதிரி சேம்பரைக் குடைஞ்சிருக்கான். அந்தக் காலத்துல பண்ணுவாங்க. இங்கிலீஷ்ல இதுக்குக் காட்டுப் பூனைன்னு பேரு.”

“பூனைக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?” என்றேன்.

“யாரது நடுவுல?”

“டர்னர் பையன். வுடுங்க, அவன் அப்படித்தான்,” என்றார் நைனா.

இந்த மாதிரித் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால், அளவு தெரிந்தால் தானே அனுமதி வாங்கி இரண்டு தோட்டாக்களைக் கையால் செய்து நிரப்பித் தருவதாகச் சொன்னார். துப்பாக்கியைக் கொண்டுவந்து கடையில் விட்டுவிட்டுப் போனால் அவரே அளந்துகொள்வார். அதற்கு நைனா ஒப்புக்கொள்ளவில்லை.

“ஒரு தபா கையை வுட்டுப் போனது போதும். அளவு நாங்க எடுத்து அனுப்பறோம்.”

நாங்கள் என்றால் நான்.

வெர்னியர்

நான் ஒன்பதாவதில் நின்றவன். புள்ளிக் கணக்கு ஏறவே இல்லை. புள்ளிக்கு அந்தப் பக்கம் எவ்வளவு எண் போட்டாலும் அது ஒன்றைவிடச் சின்னது என்று வாத்தியார் சொல்வார். அப்புறம் எதற்கு இவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்டேன். வெளியே நிற்கவைத்தார். வெளியே நன்றாக இருந்தது. அப்படியே வந்துவிட்டேன்.

பட்டறைக்கு வந்து மேஸ்திரியின் வெர்னியர் அளவுகோல் கையில் வந்த பிறகு அதே புள்ளி ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. ஒரு ஷாஃப்ட் புள்ளி பூச்சியம் ஐந்து அதிகமாக இருந்தால் பேரிங் ஏறாது. குறைவாக இருந்தால் ஆடும். விவசாயி மொபெட்டில் வந்து அம்மாவை இழுத்துத் திட்டுவார். கணக்குப் பாடத்தில் யாரும் திட்ட வரவில்லை, அதுதான் குறை.

அதனால் என் அளவு என்றால் உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் மரியாதை உண்டு. வாய்க்குக் கிடையாது. வெர்னியருக்கு உண்டு.

தோட்டா போய் உட்காருகிற இடம்தான் சேம்பர். குழலின் பின்பக்கம், விரல் நீளக் குகை. அதற்குள் வெர்னியர் போகாது. மெழுகை உருக்கி ஊற்றினால் வெளியே எடுக்கும்போது வளைந்துவிடும். கந்தகம் ஊற்றலாம் என்று கடைக்காரர் சொன்னார். சீக்கிரம் உருகும், ஆறினால் கல் மாதிரி நிற்கும்.

நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் கேட்டேன்.

“எதுக்குப்பா?”

“சொறிக்கு.”

“உனக்கா?”

“எனக்கில்ல. கோதண்டம் நைனாவுக்கு.”

அந்தச் செய்தி எனக்கு முன்னால் மானாம்பதி போய்விட்டது.

மஞ்சள் விரல்

போல்ட்டைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் துணி நனைத்து உள்ளே துடைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. இரும்பு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

குழலுக்குள் துணிப் பந்து அடைத்து, துப்பாக்கியைச் செங்குத்தாக வைஸில் பிடித்து, தகர டப்பாவில் கந்தகத்தை உருக்கினேன். தேன் மாதிரி ஓடியது. ஊற்றியதும் பட்டறை முழுக்க முட்டை அழுகின நாற்றம். மேஸ்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆறினதும் முன்பக்கமிருந்து கம்பி விட்டு லேசாகத் தட்டினேன். மஞ்சள் விரல் ஒன்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவ்வளவு அழகான சாமான் அந்தப் பட்டறையில் அதற்கு முன் வந்ததில்லை. தடித்த உடம்பு, அப்புறம் சரிகிற தோள், அப்புறம் கழுத்து. ஆனால் தோளுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு சின்னப் படி. ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சுற்று.

ஆறு முறை அளந்தேன். ஆறு முறையும் ஒரே எண்.

தாத்தாவின் காலிக் கூட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அந்தப் படி இல்லை. ஒரே தோள்தான். சுட்ட கூடு, சேம்பரின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். உள்ளே ஊதி அப்பினது மாதிரி. அப்படியென்றால் இந்தக் கூடு இந்தத் துப்பாக்கியில் சுட்டது இல்லை, வேறு ஏதோ துப்பாக்கியுடையது. நான் இப்படி முடிவு செய்ய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“ரெண்டு படியா? நான் பார்த்ததே இல்லையேப்பா.”

“காட்டுப் பூனைன்னு நீங்கதான சார் சொன்னீங்க. பூனைக்கு மச்சம் இருக்காதா?”

“வேற யாரையாவது வெச்சு இன்னொரு தபா அளந்து பார்க்கலாமா?”

“என் வெர்னியர் பொய் சொல்லாது சார்.”

அவர் ஒத்துக்கொண்டார். நான் கொடுத்த படியின் அளவுக்கு உடம்பைக் குறைத்து இரண்டு தோட்டாக்கள் செய்யத் தொடங்கினார். சரஸ்வதி பூஜை முடிந்த மூன்றாம் நாள், சென்னைக்கு வெளியே ஒரு சுடும் திடலில், ஏட்டம்மா முன்னிலையில், நைனா சுட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு.

இடையில் நான் நைனாவை இரண்டு முறை ஏமாற்றினேன். ஒரு முறை, துப்பாக்கி தானே வெடித்து லேத்து செத்துப்போச்சு என்று போன் பண்ணினேன். அவர் நாஷ்டாவைப் பாதியில் விட்டுவிட்டு மொபெட்டில் வந்தார். இன்னொரு முறை, உங்கள் துப்பாக்கி ரெட்டைக் கர்ப்பம் என்றேன். இரண்டுக்கும் எங்கம்மா மேல் சத்தியம் செய்திருந்தேன்.

பொரி வாங்கப் போன வீடு

ஆயுத பூஜை அன்று பட்டறையில் பொரி கடலை கொடுத்து முடித்ததும் நைனா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் வெளியிலேயே நின்று வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் போனேன். அந்த வீட்டுக் களத்தில் எங்கப்பா நெல் தூற்றியிருக்கிறார். கூலி வாங்கியிருக்கிறார். உள்ளே எத்தனை அறை என்று அவருக்குத் தெரியாது.

“இன்னாடா அங்கயே நிக்கிற? அளந்தவன் நீ. உள்ள வா,” என்றார் நைனா.

போனேன். நாலு அறை. அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

கூடத்தில் பலகை போட்டு, மருந்தடிக்கிற மெஷின், கடப்பாரை, தராசு எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். நடுவில், பூஜைக்காகப் பட்டறையிலிருந்து திரும்பி வந்திருந்த துப்பாக்கி. போல்ட் திறந்து கிடந்தது. நைனாவின் சம்சாரம் ருக்குமணியம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். துப்பாக்கியின் கட்டைக்கு ஒரு பொட்டு. குழலுக்கு ஒரு பொட்டு. அப்புறம் ஒரு நீளமான ஈர்க்குக் குச்சியை எடுத்தார். நுனியில் பஞ்சு. அதைச் சந்தனக் கிண்ணத்தில் நன்றாக முக்கி, பின்பக்கமாக உள்ளே விட்டார். சுற்றினார். எடுத்தார். மறுபடி முக்கினார்.

என் வாயில் பொரி இருந்தது.

“இன்னாம்மா பண்றீங்க?”

“வயித்துக்கு வெக்கிறேன். வெளிய மட்டும் வெச்சா போதுமா? வேலை செய்யறது வயிறுதான?”

“குச்சி எதுவரைக்கும் போவுது?”

“முட்ற வரைக்கும்.”

“எத்தினி வருசமா வெக்கிறீங்க?”

“வாக்கப்பட்டு வந்ததுலேருந்து.”

“அப்பால தொடைப்பீங்களா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சாமிக்கு வெச்ச சந்தனத்தை எவனாச்சும் தொடைப்பானா?”

குச்சி முட்டுகிற இடம், சேம்பரின் தோள். முப்பது சொச்சம் வருஷம், வருஷத்துக்கு ரெண்டு முக்கு. மேலே துப்பாக்கி எண்ணெய். எண்ணெய் குடித்த சந்தனம் காய்ந்து காய்ந்து கறுத்து, டார்ச் வெளிச்சத்தில் இரும்பு மாதிரி மின்னியிருக்கிறது. அதன் மேல்தான் நான் கந்தகத்தை ஊற்றி, ஆறு முறை அளந்து, ஆறு முறையும் ஒரே எண்ணைப் படித்திருக்கிறேன். வெர்னியர் பொய் சொல்லவில்லை. சந்தனத்தைத் துல்லியமாக அளந்திருக்கிறது.

அந்த அளவுக்குச் செய்த தோட்டா, இரும்புத் தோளில் போய் உட்காராது. சந்தனப் படியில் உட்காரும். சுட்டதும் படி நொறுங்கும். நொறுங்கினால் கூட்டுக்குப் பிடிமானம் கிடையாது. இழுபட்டு நடுவில் அறுந்துவிடும். அறுந்தால் நெருப்பும் பித்தளையும் முன்பக்கம் மட்டும் போகாது, போல்ட் வழியாகப் பின்பக்கமும் வரும். பின்பக்கம் நைனாவின் முகம் இருக்கும்.

இன்னும் மூன்று நாள். தோட்டா ரெடி என்று கடைக்காரர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

நம்பாத கூடம்

“நைனா. நான் குடுத்த அளவு தப்பு.”

“ம்.”

“உள்ள கீற படி இரும்பு இல்ல. சந்தனம்.”

கூடமே சிரித்தது. நைனா மடியில் இருந்த பொரி கொட்டும் அளவுக்குச் சிரித்தார்.

“அன்னிக்கு லேத்து செத்துப்போச்சுன்ன. இன்னிக்கு சந்தனமா? ருக்கு, இவனுக்கு இன்னும் ரெண்டு பிடி பொரி போடு.”

“சத்தியமா நைனா. எங்கம்மா மேல சத்தியமா.”

“அதே அம்மாதானடா அன்னிக்கும்?”

ஒரு மனுஷன் வாழ்க்கையில் இதுவரை சொன்ன பொய்யெல்லாம் ஒரே நாளில் வந்து வரிசையில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் அது கிண்டல் முகமாகவே இருந்தது. முகத்தை மாற்றினால் இன்னும் சிரித்தார்கள்.

வாயால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

“கொஞ்சம் வெந்நி குடுங்கம்மா. தேங்கா நாரும் ஒரு குச்சியும் வேணும். அந்தப் பவுடர் டப்பாவும்.”

வெந்நீர் வந்தது. ஆனால் துப்பாக்கி சாமி முன்னால் பலகையில் இருந்தது. கற்பூரம் இன்னும் காட்டவில்லை. அதை நான் எடுக்க வேண்டும். ருக்குமணியம்மா நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்போதுதான் நின்றது.

“எடுறா,” என்றார்.

நாரைக் குச்சியில் சுற்றி, வெந்நீரில் முக்கி, உள்ளே விட்டுத் தேய்த்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. நாலாவது முறை கறுப்புத் தண்ணீர் வந்தது. ஏழாவது முறை செதில் செதிலாக வந்தது, வேப்பம்பட்டை மாதிரி. ஒரு செதிலை எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டு வெந்நீர் விட்டுத் தேய்த்து ருக்குமணியம்மாவிடம் நீட்டினேன்.

அவர் குனிந்து முகர்ந்தார். நிமிரவே இல்லை.

வாசனை அதற்குள் கூடம் முழுக்க வந்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனமும் கலந்த வாசனை, கல்யாண வீட்டுக்குள் யாரோ மோட்டாரைப் பிரித்துப் போட்ட மாதிரி.

உள்ளே துணியால் துடைத்துவிட்டு, தாத்தாவின் காலிக் கூடு ஒன்றைப் போட்டு, போல்ட்டைத் தள்ளினேன். முட்டவில்லை. டக் என்று மூடிக்கொண்டது. அந்த மூன்று கூடுகளும் இந்தத் துப்பாக்கியுடையவைதான். முதல் நாளே அவை சரியான அளவைச் சொல்லிக்கொண்டிருந்தன. கேட்க ஆளில்லை.

“அப்ப நான் வெச்சதாலயா இவ்ளோ பேஜாரும்?” என்றார் ருக்குமணியம்மா.

“நீங்க சந்தனம்தாம்மா வெச்சீங்க. அதை இரும்புன்னு சொன்னது நான்.”

நைனா போல்ட்டை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தார். அப்புறம், “நீ சொல்லாம வுட்டிருந்தா?” என்றார்.

சொன்னேன். கூடு எங்கே அறும், நெருப்பு எந்தப் பக்கம் வரும் என்று கையால் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இத்த ஒரு தபாகூட சுட்டதில்லடா,” என்றார், சம்சாரத்துக்குக் கேட்காத குரலில். “இதான் மொத தபாவா இருந்திருக்கும்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் ருக்குமணியம்மா, பாத்திரத்தை எடுத்துக்கொண்டே. கறுப்புச் சந்தனத் தண்ணீரை அவர் சாக்கடையில் கொட்டவில்லை. துளசியில் ஊற்றினார். துளசிக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

கயிறு

இன்னொரு முறை கந்தகம் உருக்கினேன். மருந்துக் கடைக்காரர், “இன்னும் ஆறலியா அவருக்கு?” என்று கேட்டார். இந்த முறை வந்த மஞ்சள் விரலில் ஒரே தோள். தாத்தாவின் கூடுகளோடு மயிரிழை பிசகாமல் நின்றது. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதலில் செய்த இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஏட்டம்மாவிடம் சொல்லிப் பத்து நாள் தள்ளி வாங்கி, புதிதாக இரண்டு செய்தார்.

சுடும் திடலில் முதல் தோட்டாவை யாரும் கையில் பிடித்துச் சுடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். துப்பாக்கியை ஒரு லாரி டயரில் வைத்துக் கட்டினோம். விசையில் நைலான் கயிறு. மறுமுனை முப்பதடி தள்ளி மண்மூட்டைக்குப் பின்னால். கயிற்றை நைனா என் கையில் கொடுத்தார்.

“அளந்தவன் நீ. நீயே இழு.”

இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இழுத்தேன். டயர்தான் நகர்ந்தது.

“தம்பி,” என்றார் ஏட்டம்மா, “பூட்டை எடுத்தீங்களா?”

கடைக்காரர் போய்ப் பாதுகாப்புப் பூட்டை எடுத்துவிட்டு வந்தார். மறுபடி இழுத்தேன். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. டயர் ஒரு குதி குதித்து உட்கார்ந்தது.

காலிக் கூட்டை வெளியே எடுத்தோம். சூடாக இருந்தது. எங்கும் கீறல் இல்லை, வீக்கம் இல்லை. வெர்னியரை வைத்தேன். ஏட்டம்மாவும் குனிந்து படித்தார். அவருக்குப் புள்ளிக் கணக்கு என்னைவிட நன்றாக வந்தது.

“சரி, எழுதிடறேன். தோட்டாவோட பேரு?”

“பேரு கெடையாது மேடம்,” என்றார் கடைக்காரர். “இது யாரோ ஒருத்தர் தனக்குன்னு பண்ணிக்கினது.”

“பேரு இல்லாம இந்தக் கட்டத்தை எப்படி வுடறது?”

கடைசியில் ஏட்டம்மா, 423 குழல், 404 கூட்டை வெட்டிச் சுருக்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி மானாம்பதியிலேயே இருக்கும். வேலை முடிந்தது. ஒரு தோட்டா மிச்சம்.

நைனா அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“இத்த நான் தோள்ல வெச்சு சுடறேன்.”

“அவசியமில்லீங்க. கயிறு கட்டிச் சுட்டதே போதும்,” என்றார் ஏட்டம்மா.

“தெரியும்மா.”

அவர் கடைக்காரரைப் பார்க்கவில்லை. ஏட்டம்மாவையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“தேவா. இந்த தபா வெளையாட்டு வேணாம். சுடலாமா?”

எனக்கு வாயில் நாலு பதில் வந்தது. நாலும் நல்ல பதில்கள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பட்டறையில் அளவு தப்பாக எடுத்துக் கொடுத்தால் ஷாஃப்ட் ஆடும், மோட்டார் எரியும், திட்டுவார்கள், திரும்பக் கடைந்து கொடுக்கலாம். இங்கே திரும்பக் கடைய முடியாத சாமான் ஒன்று என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு அறுபது வயது.

“சுடலாம் நைனா,” என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. தோட்டாவைப் போட்டார். போல்ட்டை மூடினார். கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டார். குறி பார்க்கிறவர்கள் ஒரு கண்ணைத்தான் மூடுவார்கள். யாரும் சொல்லவில்லை.

சுட்டார்.

இரண்டடி பின்னால் வந்து நின்றார். மண்மேட்டில் எங்கோ புழுதி எழுந்தது. கடைக்காரர் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. கண் இன்னும் மூடியே இருந்தது.

“மூஞ்சி கீதாடா?” என்றார்.

“கீது நைனா.”

“மீசை?”

“ஒரு பக்கம் கீது.”

கண்ணைத் திறக்காமலே அவர் கை மேலே போனது. இடது பக்கம் தொட்டார். அப்புறம் வலது பக்கம்.